எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள்: ஆங்கில ஆசிரியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வெளிநாட்டுப் பள்ளிகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் பிடித்துக் கொடுப்பது உங்கள் தொழில். அதற்கான சான்றிதழ் வகுப்புகளையும் உங்களில் பலர் சேர்த்தே விற்கிறீர்கள். அந்த ஆசிரியர் வேலையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது கிளம்புகிறவர்களின் ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்லும் ஒருவர் எழுதும் மடல் இது. இதற்குக் காசு எதுவும் வாங்குவதில்லை. தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது அனுப்புகிறார்கள், படிக்கிறேன். அப்படிப் படித்துப் படித்துச் சேர்ந்த எரிச்சலில் ஒரு பகுதியைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

உங்கள் விண்ணப்பப் படிவத்தில் பெயர், பிறந்த தேதிக்கு அடுத்து வரும் கேள்வி, "எந்த நாட்டுக்குப் போக விருப்பம்?" பக்கத்திலேயே படங்கள்: ஒரு கடற்கரை, பனி மூடிய ஒரு மலை, இரவில் மின்னும் ஒரு நகரம். விண்ணப்பிக்கிறவர் படத்தைப் பார்த்துக் கட்டத்தில் டிக் அடிக்கிறார். அந்த நிமிடத்தோடு அவருடைய அடுத்த ஓராண்டு முடிவாகிவிடுகிறது. எந்த ஊர், எந்த மாதிரிப் பள்ளி, வீடு யார் பெயரில், விசா யார் கையில், சம்பளத்தில் எவ்வளவு அடிப்படை, எவ்வளவு படி என்பதெல்லாம் அப்புறம் ஒவ்வொன்றாக வருகிறது. சிலது விமானம் ஏறிய பிறகுதான் வருகிறது. என் கோரிக்கை இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான்.

முதலில் பாஸ்போர்ட்டைப் பற்றி. "120 மணி நேரச் சான்றிதழ் இருந்தால் உலகத்தில் எங்கும் வேலை" என்று விளம்பரம் செய்கிறீர்கள். இது உண்மையில்லை என்று உங்களுக்கே நன்றாகத் தெரியும். தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வணிக ஒப்பந்தத்தின் கீழ், பட்டமும் முறையான ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்களுக்குத் துணை ஆசிரியராக ஒரு குறுகிய வாசல் உண்டு, அவ்வளவுதான். சீனாவும் ஏறக்குறைய அதே பட்டியலைத்தான் வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு பட்டமும், இரண்டு ஆண்டு அனுபவமோ சான்றிதழோ வேண்டும். ஜப்பானில் பள்ளி ஆசிரியருக்கான விசாவுக்கு, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் 12 ஆண்டுகள் ஆங்கிலவழியில் படித்ததைக் காட்ட வேண்டும். தாய்லாந்தில் டோயிக் மாதிரியான ஓர் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் கேட்பார்கள்.

இந்த விதிகள் நியாயமா என்பது வேறு கதை. ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேசச் சங்கமான டெசால் 2006லேயே, பிறப்பையும் தாய்மொழியையும் வைத்து ஆசிரியர்களைப் பாகுபடுத்துவது தவறு என்று அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகும் விளம்பரங்கள் பெரிதாக மாறவில்லை. விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்கும் வழக்கமும் போகவில்லை. புகைப்படம் எதற்கு என்று கேட்டால் "பள்ளி கேட்கிறது" என்று நழுவுகிறீர்கள். அரசின் விதியை உங்களால் மாற்ற முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த விதியை எப்போது சொல்வது என்பது உங்கள் கையில்தானே இருக்கிறது? வகுப்புக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, சான்றிதழையும் கையில் கொடுத்துவிட்டு, "உங்கள் பாஸ்போர்ட்டுக்கு இந்த நாட்டில் வாய்ப்பில்லை, வேறு நாடு பாருங்களேன்" என்கிறீர்கள். பணம் வாங்குவதற்கு முன்பு சொல்ல வேண்டிய ஒரு வரி அது.

சான்றிதழைப் பற்றியும் ஒன்று. கேம்பிரிட்ஜ் சான்றிதழான செல்டாவுக்கான வகுப்பும் 120 மணி நேரம் என்றுதான் சொல்லப்படுகிறது, இணையத்தில் தள்ளுபடியில் விற்கும் வகுப்பும் 120 மணி நேரம் என்றுதான் சொல்லப்படுகிறது. செல்டாவில் உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று ஆறு மணி நேரம் பாடம் நடத்த வேண்டும், பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். மற்றதில் ஒரு மாணவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் முடித்துவிடலாம். விசாவுக்கு இரண்டாவதே போதும் என்றால் அதை வாங்கட்டும், தப்பில்லை. ஆனால் முதல் நாள் நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது எது கைகொடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது ஊர். இதைத்தான் நீங்கள் அதிகம் பூசி மெழுகுகிறீர்கள்.

ஜப்பான் அரசு 1987 முதல் நடத்திவரும் ஜெட் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் துணை ஆசிரியராகப் போகிறவர் மூன்று இடங்கள் வரை விருப்பம் தெரிவிக்கலாம். கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. பெருநகரத்தைக் கேட்டவர், கடைசிப் பேருந்து சாயங்காலமே போய்விடும் மலையூரில் போய் இறங்குவது சாதாரணமாக நடக்கும். அங்கே ஒரே பள்ளியில் வேலை என்றும் இருக்காது. திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் இன்னொரு பள்ளி, புதனன்று ஆறு பிள்ளைகள் மட்டும் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளி என்று சுற்ற வேண்டியிருக்கும். வெளிக்காலணியோடு பள்ளிக்குள் நுழைய முடியாது என்பதால் உள்ளே போடும் செருப்பை ஒரு பையில் தூக்கிக்கொண்டே அலைய வேண்டும். ஒரு பள்ளியில் முழுப் பாடத்தையும் உங்களிடமே விட்டுவிடுவார்கள். அடுத்த பள்ளியில் ஓரமாக நின்று, ஆசிரியர் கைகாட்டும்போது ஒரு வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துவிட்டு மறுபடி ஓரமாக நிற்க வேண்டும். "நடமாடும் டேப் ரெக்கார்டர்" என்று அந்த ஆசிரியர்களே தங்களைக் கிண்டல் செய்துகொள்வார்கள்.

பேருந்து இல்லாத ஊரில் கார் வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி அங்கே ஓராண்டுக்குத்தான் செல்லும், பிறகு ஜப்பானிய உரிமத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சில நாட்டவருக்குத் தாளைக் காட்டினாலே மாற்றிக் கொடுப்பார்கள், சிலர் தேர்வுத் தடத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டவே தெரியாதவரை அப்படிப்பட்ட ஊருக்கு அனுப்பினால் அவருடைய ஓராண்டு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஜெட் திட்டத்தை ஒரு விஷயத்தில் பாராட்டவும் வேண்டும். "ஒவ்வொருவர் நிலைமையும் வேறு வேறாக இருக்கும்" என்று முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பார்கள். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் சலித்துப்போகும், ஆனாலும் உண்மை. கொரியாவில் அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை எடுக்க 1995இல் தொடங்கிய எபிக் திட்டமும் கிராமப்புறத்தில் வேலை பார்ப்பதற்கும், ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிக்குப் போவதற்கும் தனித்தனிப் படி உண்டு என்று எழுத்திலேயே வைத்திருக்கிறது. அதாவது, அங்கே போவது சிரமம் என்று அரசே ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு விலையும் போட்டிருக்கிறது. நீங்களோ சிரமத்தையும் சொல்வதில்லை, விலையும் போடுவதில்லை.

அண்மையில் படித்த ஓர் ஒப்பந்தத்தில் முதல் பக்கத்தில் நாட்டின் பெரிய நகரத்தின் பெயர் இருந்தது. அது நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் இடமாம். "ஆசிரியர் நிறுவனத்தின் எந்தக் கிளைக்கும் அனுப்பப்படலாம்" என்ற வரி ஒன்பதாவது பக்கத்தில், சீருடை பற்றிய பத்திக்கும் விடுப்பு பற்றிய பத்திக்கும் நடுவில் இருந்தது. அனுப்பி வைத்த பெண் அந்த நகரத்தில் அறை தேடுவதற்கு ஏற்கெனவே முன்பணம் கட்டத் தயாராக இருந்தார்.

ஊர் என்பது இயற்கைக் காட்சி பற்றிய விஷயமும் இல்லை. அது பணக்கணக்கு. ஸ்பெயினின் பள்ளி உதவியாளர் திட்டத்தில் மாதம் 800 யூரோ கொடுக்கிறார்கள், மாட்ரிட் பகுதியில் 1,000. வேலை வாரத்துக்கு 12 முதல் 16 மணி நேரம். 1,000 பெரிய தொகையாகத் தெரியும், மாட்ரிட்டில் ஓர் அறைக்கு வாடகை விசாரிக்கும் வரைக்கும். எக்ஸ்ட்ரமதுராவின் ஒரு சின்ன ஊரில் 800 யூரோவில் ஒருவர் நிம்மதியாகக் காலம் தள்ளலாம். மாட்ரிட்டில் 1,000 வாங்குகிறவர் மாலையில் தனிப்பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். சில பகுதிகளில் முதல் மாதங்களின் உதவித்தொகை தாமதமாக வரும் என்பது அந்தத் திட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அறிந்தது. அப்படியென்றால் "ஸ்பெயின்" என்று டிக் அடித்தவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய அடுத்த தாளில் என்ன இருக்க வேண்டும்? பகுதி வாரியாக உதவித்தொகை, வாடகை, முதல் சம்பளம் கைக்கு வரும்வரை சமாளிக்க எவ்வளவு பணம் கொண்டுபோக வேண்டும் என்ற கணக்கு. அந்தத் தாளை நான் இதுவரை பார்த்ததில்லை.

சம்பளம் என்று வந்துவிட்டதால் வளைகுடா நாடுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வரி இல்லை, வீடு உண்டு, வருடத்துக்கு ஒருமுறை விமானச் சீட்டு உண்டு என்று மொத்தத் தொகையைக் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை முடிந்து கிளம்பும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் வரும், அதற்கு மேல் 30 நாள். இங்கே கவனிக்க வேண்டியது "அடிப்படை" என்ற சொல்லை. மாதம் 10,000 திர்ஹாம் என்ற ஒப்பந்தத்தில் அடிப்படை 4,000, மற்றதெல்லாம் படி என்று பிரித்திருந்தால், ஓராண்டுக்கான பணிக்கொடை 2,800 திர்ஹாம். முழுவதும் அடிப்படையாக இருந்திருந்தால் 7,000. மாதாமாதம் கையில் வருவது ஒன்றுதான் என்பதால் கிளம்பும் நாள் வரைக்கும் வித்தியாசமே தெரியாது.

கொரியாவில் ஓராண்டு முழுசாக முடித்தால் ஒரு மாதச் சம்பளம் அளவுக்குப் பணிக்கொடை தரவேண்டும் என்பது சட்டம். அதனாலேயே சில தனியார் பயிற்சி நிலையங்களில் பதினோராவது மாதத்தில் ஆசிரியர்மேல் திடீரென்று குறைகள் முளைக்கின்றன. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை இது. எந்த நிலையத்தில் இப்படி அடிக்கடி நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, ஏனென்றால் காலியான அந்த இடத்துக்கு அடுத்த ஆளை அனுப்பப்போவது நீங்கள்தான்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "வாரத்துக்கு 22 மணி நேரம்" என்றால் அது பாடம் நடத்தும் நேரம், பள்ளியில் இருக்க வேண்டிய நேரம் 40. விடுமுறையில் பிள்ளைகள் யாரும் வராத பள்ளியில் ஹீட்டர் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதும் அதில் சேர்த்தி. தனியார் நிலையங்களில் பாடம் மற்றவர்களின் வேலையும் பள்ளியும் முடிந்த பிறகுதான் தொடங்கும், ஆகவே மாலைகளும் சனிக்கிழமைகளும் உங்களுடையவை அல்ல. அலுவலகங்களுக்குப் போய் நடத்தும் வகுப்புகளில் காலை எட்டு மணிக்கு ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று என்று இருக்கும், நடுவில் அலையும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. இதெல்லாம் ஏற்கக்கூடியதுதான், முன்கூட்டியே தெரிந்தால்.

இனி, இந்த மடலை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

2007 அக்டோபரில் ஜப்பானின் மிகப் பெரிய ஆங்கிலப் பயிற்சி நிறுவனமான நோவா நொடித்துப்போனது. சுமார் 4,000 வெளிநாட்டு ஆசிரியர்கள் அதில் இருந்தார்கள். அறிகுறிகள் முன்னாலேயே தெரிந்தன. மாணவர்களோடு போட்ட ஒப்பந்தங்களில் தவறான தகவல் கொடுத்ததற்காக, அந்த ஆண்டு ஜூனிலேயே அரசு அந்த நிறுவனத்தின் நீண்டகால ஒப்பந்த விற்பனையை ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைத்தது. பிறகு சம்பளம் தாமதமானது, அப்புறம் நின்றேபோனது. அதுவரைக்கும் நாம் கேள்விப்பட்ட மற்ற நொடிப்புக் கதைகள் மாதிரிதான். ஆனால் பல ஆசிரியர்கள் நிறுவனமே ஏற்பாடு செய்த வீடுகளில் இருந்தார்கள். வாடகை மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. பிடித்த பணம் வீட்டுக்காரருக்குப் போகவில்லை. ஒருநாள் கதவில் வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தபோதுதான், தாங்கள் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்த வாடகை பாக்கியில் இருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. சம்பளமும் போய், வீடும் போய், நடுத்தெருவில் நின்றார்கள். சிலர் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பாடம் நடத்தினார்கள்.

அதே சம்பவத்தில் ஒரு நல்ல விஷயமும் ஒளிந்திருக்கிறது. நாடுகளை ஒப்பிடும்போது யாரும் அதை எடுத்துச் சொல்வதில்லை. ஜப்பானில் வேலை செய்யும் உரிமை ஆசிரியருடைய பெயரில் இருக்கிறது. முதலாளி மாறினால் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், மற்றபடி அதே வகை வேலையை இன்னோர் இடத்தில் செய்யலாம். வேலை போன அன்றே நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதில்லை. கொரியாவின் இ-2 விசாவோ முதலாளியோடு கட்டப்பட்டது. ஒப்பந்தம் முடியும் முன் வேறு இடத்துக்கு மாற வேண்டுமானால் பழைய முதலாளி விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். பதினோராவது மாதத்தில் உங்களிடம் குறை கண்டுபிடித்த அதே முதலாளி. வளைகுடாவில் இந்தக் கட்டு இன்னும் இறுக்கமாக இருந்தது, அண்மையில்தான் தளர்ந்து வருகிறது. கத்தார் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு, நாட்டை விட்டு வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதியை 2018இலும், வேலை மாற அவருடைய சம்மதம் வேண்டும் என்ற விதியை 2020இலும் நீக்கியது. சவூதி அரேபியா 2021இல் சில தளர்வுகளைக் கொண்டுவந்தது.

ஒரே கையில் சம்பளம், வீடு, விசா மூன்றும் இருந்தால், அந்தக் கை நல்ல கையாக இருக்கும்வரை எல்லாம் நன்றாக இருக்கும். எனவே என்னிடம் "எந்த நாடு நல்லது?" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: இந்த மூன்றில் எத்தனை முதலாளியிடம் இருக்கிறது? மூன்றும் அவரிடம் இருந்தால், மற்ற எல்லாவற்றையும் இரண்டு மடங்கு விசாரியுங்கள். இலவச வீடு பெரிய சலுகைதான், கொரியாவில் மிச்சம் பிடித்து வந்தவர்கள் பலரும் அந்த வீட்டால்தான் மிச்சம் பிடித்தார்கள். ஜப்பானில் சொந்தமாக வாடகைக்குப் போனால் வைப்புத்தொகை, வீட்டுக்காரருக்குக் கொடுக்கும், திரும்பி வராத "மரியாதைப் பணம்", தரகுக் கட்டணம், உத்தரவாத நிறுவனத்துக்கு ஒரு தொகை என்று உள்ளே நுழைவதற்கே பல மாத வாடகை போய்விடும். ஆகவே முதலாளி தரும் வீட்டை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது, வேலை போனால் எத்தனை நாள் அங்கே இருக்கலாம் என்ற இரண்டையும் நீங்கள் எழுத்தில் வாங்கித் தர வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: மொத்தத் தொழிலே ஒரே நாளில் காணாமல் போகலாம். 2021 ஜூலையில் சீனா, கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடங்களில் லாபநோக்கில் தனிப்பயிற்சி கொடுப்பதைத் தடைசெய்தது. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இணையம் வழியாகச் சீனப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதும் அதோடு நின்றது. நியூ ஓரியன்டல் என்ற ஒரு பயிற்சி நிறுவனம் மட்டும் அந்த ஆண்டில் 60,000 பேரை வேலையை விட்டு அனுப்பியதாக அதன் நிறுவனரே சொன்னார். வீடு மாறி, கடன் வாங்கி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து வைத்திருந்த ஆசிரியர்கள் அதில் இருந்தார்கள். அதை முன்கூட்டியே கணிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் தனியார் பயிற்சி நிலையத்துக்கும் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இந்த ஆபத்து ஒரே அளவு இல்லை என்பதை உங்கள் பட்டியலில் காட்டலாமே. இப்போது மூன்றும் ஒரே வரியில், ஒரே எழுத்தில் இருக்கின்றன, சம்பளம் மட்டும் வேறு.

"சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம்" என்ற வாக்கியத்தை இனி யாரிடமும் சொல்லாதீர்கள். சில நாடுகளில் மாற்ற முடியும், உண்மைதான். ஆனால் மாற்றும்வரை அவர் வகுப்பில் நிற்கும் ஒவ்வொரு நாளும் சட்டத்துக்குப் புறம்பானது. தைவானில் வெளிநாட்டவர் மழலையர் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க அனுமதி இல்லாமலே பல ஆண்டுகள் அந்த வேலைக்கு ஆள் எடுக்கப்பட்டது. மாலைநேர நிலையத்தின் பெயரில் அனுமதி வாங்கிவிட்டு, காலையில் மழலையர் வகுப்புக்கு அனுப்புவார்கள். சோதனைக்கு அதிகாரிகள் வந்தால் ஆசிரியரைப் பின்வாசல் வழியாக வெளியே போகச் சொல்வார்கள். அகப்பட்டால் நாடு கடத்தப்படுவது ஆசிரியர். அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் வேறொரு ஊரில் அடுத்த விண்ணப்பத்தைத் திறந்துகொண்டிருப்பார்.

காகிதங்களைப் பற்றி நீங்கள் ஓரளவு சரியாகத்தான் சொல்கிறீர்கள். பட்டச் சான்று, காவல்துறைச் சான்று, அவை வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு போடும் அப்போஸ்டில் முத்திரை. 2023 நவம்பரில் சீனாவும் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் வந்ததால் தூதரகத்துக்கு அலையும் வேலை பலருக்குக் குறைந்தது. கொரியா ஆங்கில ஆசிரியர்களிடம் கேட்டுவந்த எச்.ஐ.வி. பரிசோதனை, ஐ.நா. குழு ஒன்று 2015இல் அதைப் பாகுபாடு என்று சொன்ன பிறகு, 2017இல் கைவிடப்பட்டது. உங்களில் சிலரின் படிவத்தில் அது இன்னும் இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.

இன்னொரு கவனிப்பு. உங்கள் படங்களில் இருக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் இருபத்தி மூன்று வயதுக்காரர்கள், முதுகில் ஒரு பை. என்னிடம் ஒப்பந்தம் அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் முப்பதைத் தாண்டியவர்கள். கணவனோ மனைவியோ கூட வர முடியுமா, வந்தால் வேலை செய்யலாமா, பிள்ளையை எந்தப் பள்ளியில், எந்த மொழியில் சேர்ப்பது, வயதான அம்மாவுக்கு ஏதாவது என்றால் நடுவில் ஊருக்குப் போய்வர விடுப்பு உண்டா என்பதுதான் அவர்களுடைய கேள்விகள். இவர்களுக்குச் சாகசம் தேவையில்லை. நாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு இவர்களுக்குப் பள்ளி வகையைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். முறையான ஆசிரியர் பட்டம் இருந்தால் சர்வதேசப் பள்ளி, பிள்ளைக்குக் கட்டணச் சலுகை. முதுகலைப் பட்டம் இருந்தால் பல்கலைக்கழகம், நீண்ட விடுமுறை. இதைச் சொல்லாமல், மாலைநேர நிலையத்துக்கு ஆள் தேவை என்பதற்காக இரண்டு பிள்ளைகளின் தாயை இரவு ஒன்பதரைக்கு முடியும் வகுப்புகளுக்கு அனுப்புகிறீர்கள். நான்கு மாதத்தில் அவர் திரும்பி வந்தால் "அவருக்கு அந்த நாடு ஒத்துவரவில்லை" என்று கோப்பில் எழுதிக்கொள்கிறீர்கள். நாட்டில் குறை ஒன்றும் இல்லை. கால அட்டவணை ஒத்துவரவில்லை.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன்? கையெழுத்துக்கு முன்னால் சில தாள்களை மேசைமேல் வையுங்கள். பாடம் நடத்தப்போகும் கட்டடத்தின் முகவரி வேண்டும், தலைமை அலுவலகத்தின் முகவரி அல்ல. இப்போது அந்த இடத்தில் வேலை பார்க்கும் ஆசிரியரின் சென்ற வார அட்டவணை வேண்டும், பெயரை மறைத்துக் கொடுத்தால் போதும். சம்பளத்தை அடிப்படை, படி, பிடித்தம் என்று பிரித்துக் காட்டுங்கள். ஒப்பந்தம் இரண்டு மொழிகளில் இருந்தால், தகராறு வரும்போது எந்த மொழிப் பிரதி செல்லும் என்று அடையாளமிட்டுக் கொடுங்கள். பெரும்பாலும் ஆசிரியருக்குப் படிக்கத் தெரியாத பிரதிதான் செல்லும், ஆகவே அதை வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல அவகாசமும் கொடுங்கள். "நாளைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்தாதீர்கள். ஆகஸ்ட் மாதம் முழுவதும் அதே இடம் உங்கள் விளம்பரத்தில் இருப்பதை நாங்களும் பார்க்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வேலையை விட்டுப் போன ஒருவரோடு பேச வழி செய்யுங்கள். இப்போது அங்கே இருப்பவர் பேசும்போது பக்கத்தில் மேலாளர் இருக்கலாம். போனவரிடம் கேட்டால் கடைசிச் சம்பளம் வந்ததா, வைப்புத்தொகை திரும்பியதா, விடுவிப்புக் கடிதம் எத்தனை நாளில் கிடைத்தது என்று சொல்வார். விட்டுப் போன ஒருவர்கூட உங்களோடு தொடர்பில் இல்லை என்றால், அதையும் சொல்லிவிடுங்கள், விண்ணப்பிக்கிறவருக்கு அதுவே ஒரு தகவல்.

உங்களுக்குக் கமிஷன் பள்ளியிடமிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். அது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. எப்போது முழுசாகக் கைக்கு வருகிறது என்பதை மட்டும் விண்ணப்பிக்கிறவரிடம் சொல்லுங்கள். ஆசிரியர் விமானம் ஏறியதும் வருகிறதா, மூன்று மாதம் தாக்குப்பிடித்த பிறகு வருகிறதா, ஓராண்டு முடித்த பிறகு வருகிறதா? கடைசி வகையில் இருக்கும் முகவர்களை எனக்குத் தெரியும், மிகச் சிலர். அவர்கள் அனுப்பும் ஒப்பந்தங்களில் நான் குறிப்பெழுதும் இடங்கள் குறைவாகவே இருக்கும். சிலவற்றைப் படித்துவிட்டு "போய் வாருங்கள்" என்று மட்டும் பதில் போட்டிருக்கிறேன்.

மேலே கேட்டதில் எதையாவது தர முடியாது என்றால், எதை, ஏன் என்று எழுதுங்கள். பள்ளி தர மறுக்கிறது என்பது காரணமானால் அந்தப் பள்ளியிடம் நேரடியாகக் கேட்கிறோம். சட்டம் தடுக்கிறது என்றால் எந்தச் சட்டம் என்று சொல்லுங்கள். புதிய கல்வியாண்டுக்கான ஆள்சேர்ப்பு பல நாடுகளில் தொடங்கப்போகிறது, படிவங்களை மறுபடி அச்சிடுவதற்கு முன்பு பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் படிவத்தை ஒருகாலத்தில் நிரப்பிய ஓர் ஆங்கில ஆசிரியர்